பள்ளி வாசலில் தயங்கும் பிள்ளை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில், வெம்பக்கோட்டையில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



வைப்பாற்றின் கரையில், விசயகரிசல்குளத்து உச்சிமேட்டில், 2022 மார்ச் திங்களில் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியது. அடுத்தடுத்த கட்டங்களிலும் பணி தொடர்ந்தது. சங்கு வளையல்கள், மணிகள், பொன்னணிகள் ஆகியவற்றோடு சுடுமண்ணாலான வட்டச்சில்லுகளும் ஆட்டக்காய்களும் அங்கே கிடைத்தன. பொன் கிடைத்த செய்தியை நாளேடுகள் பெரிதாக வெளியிட்டன. சில்லு கிடைத்த செய்தியோ ஒரு வரியில் அடங்கிவிட்டது. ஆயினும் கவிஞர்கள் நின்று நோக்க வேண்டியது அந்தச் சில்லையே. உடைந்த பானையின் ஓட்டை எடுத்து, அதன் ஓரத்தைக் கல்லில் தேய்த்து வட்டமாக்கிய கை ஒன்று இருந்தது. கற்றலும் ஆட்டமும் பிரிந்திராத காலத்தின் சான்று அது. இந்த மண்ணின் பிள்ளைகள் தங்கள் பகற்பொழுதில் பெரும்பகுதியைக் கழிக்கும் பள்ளிக்கூடத்தில் அத்தகைய மகிழ்ச்சி இன்று கிடைக்கின்றதா என்பதே இவ்வுரை எழுப்பும் வினா.

உரையின் பொருள், பள்ளியில் துயருறும் பிள்ளைக்குத் துணை நிற்றல். இலக்கிய வட்டத்துக்கு இப்பொருள் ஏற்றதா என்று சிலர் ஐயுறலாம். பிள்ளையின் துயரம் முதலில் ஒரு மொழிச் சிக்கலாகும். எட்டு வயதுப் பிள்ளைக்கு அவமானம் என்னும் சொல் தெரியாது, தனிமை என்னும் சொல்லும் தெரியாது. அது அறிந்த சொற்கள் 'வயிறு வலிக்கிறது', 'தலை சுற்றுகிறது' என்பவையே. திங்கட்கிழமை காலையில் தோன்றிச் சனிக்கிழமை காலையில் மறைந்துவிடும் வயிற்றுவலிக்கு மருத்துவமனையில் மருந்தில்லை. சொல்லப்படாததைக் கேட்கும் செவியே அதற்கு மருந்து. சொல்லப்படாததைக் கேட்பது கவிஞர்தம் தொழில் அன்றோ? எனவே இப்பொருள் இந்த அவைக்கு உரியதே.

பிற ஊர்களில் பள்ளியை வெறுக்கும் பிள்ளை அழும், அடம் பிடிக்கும், சில நாளில் தேறும். விருதுநகர், சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டை வட்டாரத்தில் இத்துயரம் அவ்வளவில் நின்றுவிடவில்லை. பள்ளியின் கதவு மூடப்பட்டபோதெல்லாம் இங்கே வேறொரு கதவு திறந்தே இருந்தது. அது தீப்பெட்டி ஆபீசின் கதவு.

அவ்வரலாற்றைச் சுருக்கமாக நினைவுகூர்தல் வேண்டும். ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பியது 1923ஆம் ஆண்டை ஒட்டியது. மழை பொய்த்த கரிசல் நிலத்துக்கு அத்தொழில் சோறு போட்டது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அச்சோற்றில் பெரும்பங்கு சிறார் கைகளின் உழைப்பாலும் விளைந்தது. சட்டத்தில் குச்சி அடுக்கியவையும், பெட்டி ஒட்டியவையும், சிட்டுகள் போன்ற சிறு விரல்களே. வைகறை மூன்று மணிக்கும் நான்கு மணிக்கும் ஆபீஸ் பேருந்துகள் ஊர் ஊராக வந்து, உறங்கும் பிள்ளைகளை ஏற்றிச் சென்றன. 1983இல் ஸ்மிது கோத்தாரி 'எக்கனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி' இதழில் எழுதிய கட்டுரை இதனை நாடறியச் செய்தது. சலம் பென்னூர்க்கர் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்னும் ஆவணப்படம் 1990இல் வெளிவந்தது. கரிசல் மண்ணின் எழுத்தாளர் பூமணி, தீப்பெட்டித் தொழிலுக்குள் இழுக்கப்படும் சிறுமியின் குடும்பத்தைக் 'கருவேலம் பூக்கள்' என்னும் திரைப்படமாக 1996இல் தந்தார்.

சட்டமும் தன் பங்குக்கு வந்தது. குழந்தைத் தொழிலாளர் தடை மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் 1986இல் இயற்றப்பட்டது. சிவகாசிச் சிறார்களுக்காக வழக்கறிஞர் எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10ஆம் நாள் அளித்த தீர்ப்பு, இடர் மிக்க தொழிலில் அமர்த்தப்பட்ட ஒவ்வொரு சிறுவருக்கும் 20,000 ரூபாயை மறுவாழ்வு நிதிக்கு முதலாளி செலுத்த வேண்டுமென்றது. இன்று அந்த விடியற்காலைப் பேருந்துகள் இல்லை. ஆலைகளில் சிறார் உழைப்பு பெருமளவு குறைந்துள்ளது. இந்த வெற்றி பலருடைய பல்லாண்டு உழைப்பின் பயனாகும்.

ஆயினும் ஒரு வினா எஞ்சி நிற்கிறது. பிள்ளைகள் பள்ளியை விட்டு ஏன் ஆபீசுக்குப் போயின? வறுமை என்பது உடனடி விடை. அவ்விடை மெய்யே, ஆனால் பாதி மெய். அமெரிக்க அறிஞர் மைரன் வீனர் 1991இல் வெளியிட்ட நூலில், வறுமையைவிட, ஏழைப் பிள்ளைக்குக் கல்வி எதற்கு என்னும் மேல்தட்டு மனப்பான்மையே பெருந்தடை என்று வாதிட்டார். அதே மனப்பான்மை வகுப்பறைக்குள் நுழையும்போது என்ன நிகழும்? கடைசி வரிசையில் அமர்த்தப்படும் பிள்ளை, தான் எதற்கும் உதவாது என்று ஒவ்வொரு நாளும் கற்றுக்கொள்ளும். அப்பிள்ளையே ஆபீசுக்குப் போனால், 'கை வேகம்' என்று மேற்பார்வையாளர் பாராட்டுவார். சனிக்கிழமை கூலி கிடைக்கும். வீட்டில் அம்மா அதற்கென்று ஒரு துண்டு மீன் எடுத்து வைப்பார். பள்ளி தராத மதிப்பை உழைப்புத் தந்தது. அம்மதிப்புக்கு அது கொடுத்த விலை தன் இளமை. தொழிலிலிருந்து பிள்ளையை மீட்பது அரைப்பணியே. பள்ளிக்குள் அதனை மகிழ்வோடு இருத்துவது மறுபாதி. சட்டத்தால் முதற்பாதியைச் செய்ய முடியும், மறுபாதியைச் செய்ய மனிதரால்தான் முடியும்.

இம்மறுபாதியின் அருமையைத் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகள் காட்டின. 1988இல் நாட்டில் தொடங்கிய இத்திட்டம் முதலில் வேரூன்றிய இடங்களுள் சிவகாசி வட்டாரம் ஒன்று. மீட்கப்பட்ட பிள்ளைகளுக்கு அங்கே பாடம், உணவு, கைத்தொழில் ஆகியவை கிடைத்தன. தொடக்கத்தில் மாதம் 100 ரூபாயாக இருந்த உதவித்தொகை பின்னர் 150 ஆகி, 2017இல் 400 ஆயிற்று. 2021-22இல் இத்திட்டம் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. பன்னிரண்டு வயதில் அகரம் தொடங்கும் பிள்ளையை ஆறு வயதுப் பிள்ளைகளின் நடுவே அமர்த்துவது தண்டனையாகும். கட்டாயக் கல்விச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, அத்தகைய பிள்ளையை அதன் வயதுக்குரிய வகுப்பிலேயே சேர்த்து, தனிப்பயிற்சி தரவேண்டும் என்கிறது. அச்சட்ட வரியின் உள்ளே இருப்பது ஒரு பிள்ளையின் மானம்.

இனி, பள்ளித் துயரின் வேர்களை ஒவ்வொன்றாகக் காணலாம்.

முதல் வேர் பசி. இவ்வுண்மையை இந்த மாவட்டத்துக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. விருதுநகரில் காமராசர் பயின்ற சத்திரிய வித்தியாசாலை, ஊர்ப் பெண்கள் உலையில் இடும் முன் எடுத்து வைத்த பிடி அரிசியால் வளர்ந்த பள்ளி. ஆறு வயதில் தந்தையை இழந்து, சில ஆண்டுகளில் படிப்பை நிறுத்தி, மாமனின் துணிக்கடைக்குப் போனவர் காமராசர். அவர் முதலமைச்சராகி 1956இல் மதிய உணவைப் பள்ளிக்குள் கொண்டுவந்தார். தம் இளமை இழந்ததைப் பிறர் பிள்ளைகள் இழக்கலாகாது என்று அவர் கருதியிருத்தல் கூடும். 1982இல் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022 செப்டம்பர் 15இல் காலை உணவுத் திட்டம் தொடங்கி, 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிவடைந்தது. விடிந்தும் விடியாமலும் வேலைக்குப் புறப்படும் தாய்மார் நிறைந்த இவ்வட்டாரத்தில் அக்காலைச் சோற்றின் பொருள் மிகப் பெரிது. காலையில் சிடுசிடுப்பாக இருக்கும் பிள்ளையைத் திட்டுமுன், அது உண்டதா என்று கேட்பதே முதல் துணை.

இரண்டாம் வேர் அடி. 'கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள்' என்று ஆசிரியரிடம் சொல்லிப் பிள்ளையை ஒப்படைத்த தந்தையர் பலர். அச்சொல்லில் இருந்தது கொடுமையன்று, கல்வியின்மேல் வைத்த குருட்டு நம்பிக்கை. தமிழ்நாடு 2003இல் விதியைத் திருத்தி உடல் தண்டனையை நீக்கியது. 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மனத்துன்புறுத்தலையும் தடைசெய்கிறது. பிரம்பு பெரும்பாலும் மறைந்தது. நாவின் பிரம்பு மறையவில்லை. இரா. நடராசனின் 'ஆயிஷா' என்னும் சிறுகதை தமிழ் ஆசிரியர் உலகையே உலுக்கியதன் காரணம் இதுவே. கேள்வி கேட்கும் சிறுமியின் அறிவை வகுப்பறை எவ்வாறு குற்றமாக்குகிறது என்பதை அக்கதை காட்டியது. கல்வித்துறைச் சுற்றறிக்கை எட்டாத இடத்துக்கு ஒரு கதை எட்டும் என்பதற்கு அது சான்று.

மூன்றாம் வேர் ஏளனம். கரிசல் காட்டுப் பிள்ளைகளுள் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுவோர் உண்டு. தமிழே பேசுவோர்க்கும் பாடநூல் தமிழ் வேறு, வீட்டுத் தமிழ் வேறு. 'வாரோம்', 'போறாக' என்று வாய் திறந்த முதல் நாளிலேயே வகுப்பு சிரித்துவிட்டால், அப்பிள்ளை ஆண்டு முழுவதும் வாய் திறவாது. இடைசெவல் கி. ராஜநாராயணன் அதே வட்டார வழக்கை இலக்கிய மேடை ஏற்றினார். 'கதவு' சிறுகதையில் ஒரு பழைய கதவைப் பேருந்தாக்கி ஆடும் பிள்ளைகளின் களிப்பைத் தமிழுலகம் கொண்டாடியது. ஏட்டில் கொண்டாடப்படும் மொழி வகுப்பில் ஏளனத்துக்கு உள்ளாவது முரண் அன்றோ?

ஏளனத்தின் கொடிய வடிவம் சாதி. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நிகழ்ந்ததை இவ்வவை மறந்திராது. உடன் பயின்ற மாணவர்களின் இழிசொல்லும் துன்புறுத்தலும் தாளாமல் ஒரு மாணவர் பள்ளிக்குச் செல்வதையே நிறுத்தினார். காரணம் பள்ளிக்குத் தெரியவந்த பின்னர், அவர் வீடு புகுந்து வெட்டப்பட்டார். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு ஒருநபர் குழு 2024 ஜூன் மாதத்தில் அறிக்கை அளித்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு முதலியவற்றைப் பள்ளிக்குள் தடைசெய்வது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் இந்நிகழ்ச்சி கற்பிப்பது வேறொன்றும் உண்டு. பள்ளிக்குப் போகமாட்டேன் என்னும் சொல் எப்போதும் சோம்பலின் சொல்லன்று. சில வேளைகளில் அது உயிரச்சத்தின் சொல். பிள்ளை காட்டிக்கொடுத்ததாகத் தோன்றாதவாறு, அதன் பாதுகாப்பை முதலில் உறுதிசெய்துவிட்டே விசாரணை தொடங்க வேண்டும்.

நான்காம் வேர் இவ்வட்டாரத்துக்கே உரியது. அது வெடிச்சத்தம். 2012 செப்டம்பர் 5, ஆசிரியர் நாளன்று, முதலிப்பட்டியில் நேர்ந்த பட்டாசு ஆலை விபத்து பலரைப் பலிகொண்டது. 2021 பிப்ரவரி 12இல் ஏழாயிரம்பண்ணையை அடுத்த அச்சன்குளத்தில் நேர்ந்த விபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அம்மா மருந்துக் கலவையின் அருகே அமர்ந்திருக்க, மகள் கணக்குப் பாடத்தில் அமர்ந்திருக்கிறாள். தொலைவில் ஓசை ஒன்று கேட்கிறது. கரும்பலகையில் எழுதியது அவள் கண்ணில் படுமா? கவனமில்லை என்று அவள்மேல் குற்றம் சாட்டுவது அறியாமை. விபத்து நிகழ்ந்த மறுநாள் முதல் பாடவேளையில் பாடம் வேண்டா. யார் வீட்டில் யார் வேலைக்குப் போயிருக்கிறார், யார் திரும்பினார் என்று பேசவிட்டால் போதும். உயிரிழந்த தொழிலாளர்தம் பிள்ளைகளின் படிப்புச் செலவை உயர்கல்வி வரை அரசே ஏற்கும் என்று 2024 நவம்பரில் முதலமைச்சர் விருதுநகரில் அறிவித்தார். கட்டணத்தை அரசு செலுத்தலாம். வெறுமையான வீட்டுக்குத் திரும்பும் பிள்ளையின் மாலைப்பொழுதை நிரப்ப அண்டை அயலார் வேண்டும்.

வேர்களை அறிந்தபின் துணை நிற்கும் வழி என்ன? இதற்கு ஜப்பானிலிருந்து வந்த ஒரு நூல் விடை தருகிறது. தெட்சுகோ குரோயானாகி 1981இல் எழுதிய 'டோட்டோ-சான், ஜன்னலில் ஒரு சிறுமி' தமிழிலும் வந்துள்ளது. அது கற்பனையன்று, ஆசிரியையின் சொந்த இளமை. முதல் வகுப்பிலேயே பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட சிறுமி டோட்டோ. நீக்கப்பட்ட செய்தியை அவளுடைய தாய் அவளிடம் சொல்லவில்லை. இருபது வயதுக்குப் பின்னரே சொன்னார். வேறு பள்ளி பார்க்கலாமா என்று மட்டும் கேட்டு, பழைய ரயில் பெட்டிகளை வகுப்பறைகளாகக் கொண்ட தோமோயி பள்ளிக்கு அழைத்துச் சென்றார். தலைமையாசிரியர் கோபயாஷி முதல் நாளில் அவளை எழுதச் சொல்லவில்லை, எண்ணச் சொல்லவில்லை. அவள் பேசியதை நான்கு மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். 1945இல் வான்குண்டு வீச்சில் அப்பள்ளி எரிந்தது. கேட்கப்பட்ட சிறுமி, கேட்ட செவியை வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை. டோக்கியோவில் அந்நூல் இலட்சக்கணக்கில் விற்ற அதே ஆண்டுகளில்தான் 'குட்டி ஜப்பான்' என்று புகழப்பட்ட இவ்வூர்ப் புறங்களில் விடியற்காலைப் பேருந்துகள் ஓடின. தொழிலில் ஜப்பானை நிகர்க்க முயன்ற ஊர், செவிகொடுப்பதிலும் நிகர்க்க முயலலாம்.

அத்தாயும் தலைமையாசிரியரும் செய்தவற்றிலிருந்து மூன்று வழிகளைப் பெறலாம்.

ஒன்று, கேட்கும் முறை. 'ஏண்டா பள்ளிக்கூடம் போகலை?' என்னும் கேள்விக்கு ஒரு பிள்ளையும் உண்மை சொல்லாது. அக்கேள்வி தீர்ப்போடு வருகிறது. 'இன்னைக்கு மத்தியானம் யாரு கூட உக்காந்து சாப்பிட்ட, ராசா?' என்று கேட்டால் பிள்ளையின் உலகம் மெல்லத் திறக்கும். தனியே உண்டது என்று தெரிந்தால், நோய் எங்கே என்பதும் தெரிந்துவிடும். சொல்லத் தொடங்கும் பிள்ளையை இடைமறித்து அறிவுரை கூறுதல் கூடாது. பீடி சுற்றும்போதும், பூக் கட்டும்போதும், இரவு விளக்கணைத்த பின்னும், முகம் பாராமல் பேசும் நேரங்களில் பிள்ளைகள் மிகுதியாகப் பேசுவர். கரிசல் காட்டுத் தாய்மார்க்கு அந்நேரங்கள் நன்கு தெரியும்.

இரண்டு, மானம் காத்தல். பிள்ளையின் துயரை உறவினர் முன்னிலையில் பேசுதலும், பள்ளிக்குச் சென்று வகுப்பின் நடுவே முறையிடுதலும் துயரை இரட்டிக்கும். ஆசிரியரைத் தனியே கண்டு, குற்றச்சாட்டாக அல்லாமல், செய்தியாகச் சொல்லுதல் நன்று. ஐம்பது பிள்ளைகளைக் காக்கும் ஆசிரியர்க்கு ஒரு பிள்ளையின் வீட்டு நிலை தெரியாமலிருக்கலாம். தெரிந்தபின் மாறும் ஆசிரியர்களே மிகுதி. மாறாதவிடத்து, பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. சட்டப்படி அதன் உறுப்பினருள் முக்கால் பங்கினர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். 14417 என்னும் கல்வி உதவி எண்ணும், 1098 என்னும் சிறார் உதவி எண்ணும் உள்ளன.

மூன்று, ஒரு வெற்றியைத் தேடித் தருதல். கணக்கில் தோற்கும் சிறுவன் ஆட்டுக் குட்டியின் நோயறிவான். எழுத்துக் கூட்டத் தடுமாறும் சிறுமி ஐம்பது விடுகதை அறிவாள். அவ்வறிவுக்கு வகுப்பில் ஒரு நாள் இடம் கிடைத்தால், அப்பிள்ளை மறுநாளும் வரும். ஒரு தோழன், ஒரு பாராட்டு, பெயர் சொல்லி அழைக்கும் ஓர் ஆசிரியர் என்னும் மூன்றும் வாய்த்த பிள்ளை பள்ளியை விட்டு ஓடுவது அரிது.

கவிஞர் பெருமக்களே, இறுதியாகச் சொல்ல வேண்டியது தங்களைப் பற்றியது. இவ்வட்டாரத்துக் கவியரங்குகளில் 'கருகிய மொட்டு', 'தீக்குச்சி விரல்கள்' என்னும் உவமைகள் கேட்டுக் கேட்டுத் தேய்ந்துவிட்டன. அவை எழுந்த காலத்தில் அவற்றுக்குத் தேவை இருந்தது, பயனும் இருந்தது. இன்று ஆபீசிலிருந்து மீண்ட பிள்ளையின் பேரனோ பேத்தியோ சீருடை அணிந்து கடைசி வரிசையில் வாய் திறவாது அமர்ந்திருக்கக் கூடும். கவிதையோ இன்னும் பழைய மொட்டுக்காக அழுதுகொண்டிருக்கிறது. அவ்வழுகை எளிது. அதில் குற்றவாளி எப்போதும் பிறர், பெரும்பாலும் ஒரு முதலாளி. கடைசி வரிசைப் பிள்ளையைப் பாட முற்பட்டால், குற்றவாளியின் இருக்கையில் தந்தையும் ஆசிரியரும் ஊரும் அமர நேரும். கவிஞர்களுள் பலர் ஆசிரியர்களாகவும் இருப்பதால் அது கடினம். கடினமாக இருப்பதனாலேயே அது செய்யத்தக்கது.

பாடுவதோடு நில்லாமல், மாதம் ஒரு சனிக்கிழமை ஒரு பள்ளிக்குக் கதை சொல்லச் செல்லுதல் இவ்வட்டத்தால் இயலும். நீதி புகட்டாத, சிரிக்க வைக்கும் கதைகளாக அவை இருத்தல் நலம். கதை முடிந்தபின் பிள்ளைகள் தம் வீட்டுத் தமிழிலேயே கதை சொல்லக் கவிஞர்கள் கேட்டிருத்தல் அதனினும் நலம். தலைமையாசிரியர் அறைக்குள் நுழைய அஞ்சும் எழுத்தறியாத் தாயுடன், உறவினர் போல் ஒருவர் கூடச் சென்று நிற்றல் எல்லாவற்றினும் நலம். 'அக்கா, பயப்படாதீங்க, நான் கூட வாரேன்' என்னும் ஒரு வரி, அத்தாய்க்கு எந்தக் கவிதையினும் பெரிது.

பத்தாண்டுக் காலம் மாதந்தோறும் கூடி, ஒருவர் சொல்ல மற்றவர் கேட்கும் பழக்கத்தை இவ்வட்டம் காத்து வந்துள்ளது. அப்பழக்கத்தை இனிப் பிள்ளைகளிடம் கொண்டுசெல்லுமாயின், வரும் பத்தாண்டு இதனினும் சிறக்கும். வட்டத்துக்கு வாழ்த்துகள்.